காத்தாயிக்குக் கட்டிய துணி

பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் சுகிர்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு கனமீட்டர் காற்றில் பதினொரு மைக்ரோகிராம் தூசி என்பது கொடைக்கானலில் விடிகாலையில் இருக்கலாம். துறைமுகத்துக்குப் பின்னால், நாளொன்றுக்கு நானூறு கன்டெய்னர் லாரி போகிற உப்புக்கார மேஸ்திரி தெருவில் எப்படி இருக்கும்?

அலுவலகத்தில் மற்ற எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். காற்றுப் பங்கீட்டுத் துறையில் ஓர் எண் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டும், கூடினால் கூட்டம் போட வேண்டும். எட்டு வருடமாக ஆய்வாளர் வேலை பார்க்கும் சுகிர்தாவுக்கு மட்டும் எண் குறைந்தால் ஏன் என்று கேட்கிற கெட்ட பழக்கம் இருந்தது.

"சார், ஒன்பது மாசத்துக்கு முன்னாடி இந்தத் தெருவுக்கு எத்தனை லாரி?"

"நாப்பது. எல்லாத் தெருவுக்கும் விடுற மாதிரி," என்றார் நாகலிங்கம். அவளுடைய மேலதிகாரி. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் பாக்கி. அந்தப் பதினான்கு மாதத்தையும் அலுங்காமல் கடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம்.

"தூசி?"

"முப்பத்தி நாலோ என்னமோ."

"லாரி பத்து மடங்கு ஆகியிருக்கு. தூசி மூணுல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு. எப்படி சார்?"

"பங்காளி அதைக் கேக்கலையேம்மா. நீ ஏன் கேக்கிற?"

பங்காளி என்பது லாரிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் கணினிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். காற்றுப் பங்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார்கள். கடைசி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை இடித்துத் தள்ளிப் பதினோரு வருடமாகிறது. மின்சாரம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறது. லாரி, பஸ், ஆட்டோ எல்லாம் பேட்டரியில் ஓடுகின்றன. புகை ஒழிந்தது, தூசி ஒழியவில்லை. பேட்டரி சுமக்கும் லாரி பழைய டீசல் லாரியைவிடக் கனம் அதிகம். டயரும் சாலையும் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒழிக்க முடியாத தூசியை எல்லோரும் சமமாகவாவது சுவாசிப்போம் என்று முடிவு செய்து, தெருவுக்கு ஒரு கம்பம் நட்டு, அதில் காற்றை அளக்கும் பெட்டியை மாட்டினார்கள். எந்தத் தெருவில் காற்று சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெருவுக்குப் பங்காளி லாரியை அனுப்பும். அழுக்கானால் வேறு தெருவுக்குத் திருப்பும்.

"ஒன்பது மாசம் இருபதுக்குக் கீழே நின்னா அது நிரந்தரத் தடம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மாத்த வேண்டாம்," என்றார் நாகலிங்கம். "வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பத்தைப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடு. துறைமுகத்துக்காரங்க தினம் போன் பண்றாங்க."

செவ்வாய்க்கிழமை காலை சுகிர்தா பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையில் ஒரு பலகை நின்றது. 'தூய காற்றுத் தெரு', துறையின் விருது. பலகை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. யாரோ விரலால் எழுத்துகளை மட்டும் துடைத்து வைத்திருந்தார்கள்.

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எஞ்சின் சத்தம் இல்லை, டயர் அரைபடுகிற சத்தம் மட்டும். வீட்டு ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. நூறு அடி நடப்பதற்குள் ஏழு பேர் இருமியதை அவள் எண்ணினாள். எட்டாவதாக அவளே இருமினாள்.

கைபேசி வரைபடத்தில் கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இட்லிக் கடையும் எதிரே ஒரு சிறு கோயிலும் இருந்தன. கம்பத்தைக் காணவில்லை. கடையில் ஒரு பெண் ஈரத் துணியால் இட்லிக் குண்டானை மூடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"அக்கா, இங்க கவர்மென்ட் கம்பம் ஒண்ணு இருக்கணுமே. சாம்பல் கலர் பெட்டி மாட்டியிருக்கும்."

"எதிர்ல நின்னுக்கினே கேக்கிறியே. அதோ கீறா பாரு."

சுகிர்தா திரும்பினாள். கோயில் என்று அவள் நினைத்தது கம்பம்தான். அடியிலிருந்து பெட்டி வரைக்கும் மஞ்சள் துணி. துணிமேல் துணி, முடிச்சுமேல் முடிச்சு, நடுநடுவே வேப்பிலைக் கொத்து, வளையல், எலுமிச்சை மாலை. பெட்டி இருக்கிற இடம் மட்டும் கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருந்தது. முன்னால் ஓர் அகல் விளக்கு எரிந்தது.

"இது யாருக்கா?"

"காத்தாயி. மூச்சுக்கு வேண்டிக்கினா குடுப்பா." பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயர் தேசம்மா. "செருப்பைக் கழட்டிட்டுக் கிட்ட போய்க் காது வச்சுக் கேளு."

சுகிர்தா செருப்பைக் கழற்றினாள். காதை வைத்தாள். பெட்டிக்குள் இருக்கும் பம்பு நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சும். அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இப்படி இழுத்து இழுத்து, இளைப்பு நோய்க்காரர் போல ஒரு பம்பு உறிஞ்சி அவள் கேட்டதில்லை.

"மூச்சு விடுது, பாத்தியா?" என்றாள் தேசம்மா. "எங்க வூட்டுக்காரர் ஏகாம்பரம் அனல்மின் நிலையத்துல நிலக்கரி வாரினவர். இருபத்திரெண்டு வருசம். அதை மூடிட்டாங்க, கரி அவர் நெஞ்சுலயே தங்கிடுச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டியாந்த அன்னிக்கு ராவெல்லாம் மூச்சு வாங்குறாரு. எதிர்ல இதுவும் மூச்சு வாங்குது. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குற மாதிரி இருந்துச்சு. காலையில எழுந்து ஒரு மஞ்சத் துணி நனைச்சுக் கட்டினேன். அந்த வாரமே எழுந்து உக்காந்துட்டாரு. அதைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா கட்டினாங்க. நம்ம மூச்சுக் கஷ்டத்தை அவ வாங்கிக்கிறா."

சுகிர்தா கைபேசியில் ஒன்பது மாதக் கணக்கைத் திறந்தாள். கோடு சரிவாக இறங்கவில்லை, படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. எண் சட்டென்று விழுகிறது, சில நாள் அப்படியே நிற்கிறது, மறுபடி விழுகிறது.

"அக்கா, ஜூன் பத்தொன்பதாம் தேதி யாராவது கட்டினாங்களா?"

"அதான் நான் கட்டின நாளு."

"ஜூலை ரெண்டு?"

தேசம்மா யோசித்தாள். "டெய்லர் சம்மந்தம் பொண்ணுக்கு. அவ பரீட்சைக்குப் போவ முடியாம படுத்துட்டா."

"ஜூலை பதினாறு?"

"மீன் வெட்டுற செல்லாத்தா. ரெண்டு துணி கட்டினா, தனக்கும் மாமியாருக்கும்."

"ஆகஸ்ட் ஒன்பது? அன்னிக்கு ரொம்பவே இறங்கியிருக்கு."

"ஆடி வெள்ளி. முப்பது பேர் கட்டினோம்."

அதற்குமேல் சுகிர்தா கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. துணி தூசியை வடிகட்டுகிறது. பெட்டிக்குள் சுத்தமான காற்று போகிறது. தெரு சுத்தம் என்று பங்காளி லாரியைக் கூட்டுகிறது. லாரி கூடினால் இருமல் கூடுகிறது. இருமுகிறவர்கள் வந்து இன்னொரு துணி கட்டுகிறார்கள்.

"எதுக்குத் தேதி கேக்கிற?" என்றாள் தேசம்மா.

சொல்லாமல் போய்விடலாம். பெட்டியில் யாராவது கை வைத்தால் மூன்று வருடச் சிறை என்று சட்டத்தில் இருந்தது. உண்மையை அறிக்கையில் எழுதினால் முதல் பெயர் தேசம்மாவுடையதாக இருக்கும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு நானூறு லாரி. சுகிர்தா இட்லிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொன்னாள்.

தேசம்மா தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போய், அடுத்தது போய், மூன்றாவதும் போனது.

"அப்போ நான்தான் கூப்பிட்டேனா?"

"நீங்க கூப்பிடலக்கா. மெஷின் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு."

"எல்லாம் ஒண்ணுதான்." அவள் வீட்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே ஏகாம்பரத்தின் ஆக்சிஜன் கருவி ஓடுகிற சத்தம் கேட்டது. "இன்னா செய்யணும் இப்போ?"

"வியாழக்கிழமைக்குள்ள அவிழ்த்துடணும். எல்லாத்தையும்."

"இந்தத் தெருவுல நூத்தி எம்பது வூடு. ஒவ்வொரு துணியும் யாரோ புள்ளைக்கு, யாரோ புருசனுக்கு. நீ கட்டின துணியாலதான் உன் புள்ளை இருமுதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்வேன்? சொன்னா அவங்க தாங்குவாங்களா?"

சுகிர்தா படித்த எந்தக் கையேட்டிலும் அதற்குப் பதில் கிடையாது. தேசம்மாவே முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

"ஆத்தாளுக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்றேன். நம்ம கட்டின துணியில அவ திணறுறா, அவுத்து விடணும்னு. அது பொய்யா?"

"பொய்யில்லக்கா. அது நிஜம்."

"மிச்சத்தை நான் மட்டும் வச்சுக்கிறேன். நீயும் யாருக்கும் சொல்லாத கண்ணு."

வியாழக்கிழமை காலை தெருவே கூடியது. சிலர் அழுதார்கள், ஒருத்திக்குச் சாமி வந்தது. ஒவ்வொருவராகக் காதை வைத்து அந்த இழுப்பைக் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. கட்டியவர்களே வந்து மஞ்சள் நீர் தெளித்து அவிழ்த்து, எதிரே எரியாமல் கிடந்த பழைய விளக்குக் கம்பத்தில் மாற்றிக் கட்டினார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் பெட்டி மெதுவாக, சீராக மூச்சு வாங்கியது. செல்லாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எண் ஏறியது. முப்பது, ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றேழு. பன்னிரண்டு மணிக்குப் பங்காளி கணக்குப் பார்க்கும் நேரம். பன்னிரண்டு பத்துக்கு ஒரு லாரி போனது. அதற்குப் பிறகு வரவில்லை. எல்லோரும் தெருமுனையைப் பார்த்தபடியே நின்றார்கள்.

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "இன்னா, இவ்ளோ அமைதியா கீது?" என்றார்.

தேசம்மா அவரை உட்கார வைத்துவிட்டுச் சுகிர்தாவிடம் வந்தாள். சந்தோஷப்படாமல் ஒரு கேள்வி கேட்டாள். "போன லாரியெல்லாம் எங்க போச்சு?"

சுகிர்தா கைபேசியைப் பார்த்தாள். "மரக்காயர் சந்து, பழைய கிடங்குத் தெரு, இன்னும் நாலு தெரு."

"எல்லாம் நம்ம பக்கமே கீதே. அந்தப் பக்கம், மரம் நிக்கிற தெருவுக்கெல்லாம் போவாதா?"

"அங்க தூசி ஜாஸ்தின்னு பெட்டி சொல்லுதுக்கா."

"மரம் நிக்கிற எடத்துல, லாரியே போவாத எடத்துல, தூசி ஜாஸ்தியா?"

அந்தக் கேள்வி சுகிர்தாவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. எட்டு வருடமாக எண் குறைந்தால் மட்டுமே ஏன் என்று கேட்டிருக்கிறாள், கூடியிருந்தால் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிளம்பும்போது தேசம்மா ஒரு துணியை அவள் கையில் திணித்தாள். வெளுத்துப்போன மஞ்சள், ஒரு முழம். "நான் கட்டினது. மொத மொத. இதை மறுபடி எங்கயும் கட்ட எனக்கு மனசு வரல. தூக்கிப் போடவும் வரல. நீ எடுத்துக்கினு போ."

வெள்ளிக்கிழமை சுகிர்தா படிவத்தை நிரப்பினாள். அடைப்புக்கான காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: குளவிக் கூடு, பறவைக் கூடு, மரக்கிளை, மனிதக் குறுக்கீடு. அவள் பறவைக் கூட்டில் டிக் போட்டாள்.

நாகலிங்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "முந்நூத்தி அறுபது லாரியைத் திருப்பி விட்டிருக்கு. அது என்ன குருவிம்மா?"

"கூட்டமா இருந்துச்சு சார்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பதினான்கு மாதத்தை நினைத்திருக்கலாம், வேறு எதையாவதும் நினைத்திருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அவள் மகிழம்பூ அவென்யூவுக்குப் போனாள். தெருவின் இருபுறமும் மரங்கள், நிழல், நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்த சங்கம், வாசலில் காவலாளி. பெட்டி காட்டிய எண் அறுபத்து மூன்று. நாலு வருடமாக அந்தத் தெருவுக்கு ஒரு லாரியும் போனதில்லை.

கம்பத்தடியில் காவலாளி மாசிலாமணி கால்மிதிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, காக்கிச் சட்டை. பக்கத்தில் நாற்பது கால்மிதிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் கம்பத்தில் ஓங்கி அடித்து, பெட்டிக்கு நேராக உதறினார். உதறிவிட்டு இருமினார்.

"ஏண்ணே இங்க தட்டுறீங்க? பின்னாடி இடம் இருக்கே?"

"ஆர்டர் மேடம்." சட்டைப் பையிலிருந்து லேமினேஷன் செய்த அட்டையை எடுத்துக் காட்டினார். சங்கம் கொடுத்த வேலைப் பட்டியல். காலை ஏழு, மாலை ஐந்து, கால்மிதி தட்டுதல், இடம்: காற்றுக் கம்பம். "ஏன்னு கேட்டேன். இங்கதான் காத்து நல்லா வருதுன்னு சொன்னாங்க."

சுகிர்தா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கே சட்டம் புரியாமல் கும்பிட்டார்கள், இங்கே சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கால்மிதியை உதறுகிறார்கள். எழுதிக் கொடுத்தால் சங்கம் வக்கீலோடு வரும், விசாரணை இரண்டு வருடம் இழுக்கும். உள்ளே போகிறவர் யாராவது இருந்தால் அது மாசிலாமணியாகத்தான் இருக்கும்.

கைக்கருவியால் தெருக்கோடியில் உண்மையான காற்றை அளந்தாள். இருபத்திரண்டு. அவள் கணக்குப் போட்டாள். ஒரு மடிப்புத் துணி மூன்றில் இரண்டு பங்கு தூசியை நிறுத்தும். அறுபத்து மூன்று இருபத்தொன்றாகும். கால்மிதி ஒரு பக்கம் பொய் சொன்னால் துணி மறுபக்கம் பொய் சொல்லி, இரண்டும் கழிந்து நிஜம் வந்துவிடும். எல்லாத் தெருவையும் போல நாற்பது லாரி வரும், ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பையிலிருந்து தேசம்மாவின் துணியை எடுத்துப் பெட்டியின் வாயில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். சாமித் துணியை அவிழ்க்கிற தைரியம் எந்தச் சங்கத்துக்கும் வராது.

"என்ன சாமி மேடம்?"

"காத்தாயி. மூச்சுக்கு."

மாசிலாமணி கையிலிருந்த கால்மிதியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கை கூப்பினார். சுகிர்தா அவர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

முதல் இரண்டு வாரம் அவள் எண்ணைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்தால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். உப்புக்கார மேஸ்திரி தெருவுக்கு மட்டும் ஒருமுறை போனாள். அங்கே நாற்பது லாரி, அளவாக. ஏகாம்பரம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் ஆவல் தாங்காமல் திறந்தாள். மகிழம்பூ அவென்யூ: ஆறு. லாரி: நூற்று அறுபது.

ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தாள். மரங்களின் இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. பெட்டியிலிருந்து அந்த இழுப்புச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அவள் கட்டிய மஞ்சள் துணிமேல் ஒரு பட்டுத் துணி, அரக்கு நிறம், ஜரிகை போட்டது. அதன்மேல் இன்னொரு பட்டு.

"கால்மிதி தட்டலையாண்ணே?"

"சாமி மூஞ்சியில தூசி தட்டலாமா மேடம்?" மாசிலாமணி அதிர்ந்துபோய்க் கேட்டார். "அன்னிக்கே நிறுத்திட்டேன். சங்கத்துல திட்டினாங்க, நான் மாட்டேன்னுட்டேன்."

சுகிர்தா கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணக்கில் தூசி இருந்தது, துணி இருந்தது, மாசிலாமணி இல்லை.

"இந்தப் பட்டு?"

"செயலாளர் வீட்டம்மா கட்டினது. லாரி வர ஆரம்பிச்சதுலேருந்து அவங்க பையனுக்கு மூச்சுத் திணறலாம். என்கிட்ட வந்து கேட்டாங்க, நான்தான் காத்தாயி பத்திச் சொன்னேன். அடுத்தது டாக்டர் வீட்டுல." அவர் இருமினார். முன்னைவிட அதிகமாகவே இருமினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு சிறு மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார். "எனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். பெரியவங்க எல்லாம் கட்டி முடிக்கட்டும்னு காத்திருக்கேன்."

அப்போ நான்தான் கூப்பிட்டேனா என்று தேசம்மா கேட்டது சுகிர்தாவுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அந்தக் கேள்வி அவளுடையது. மாசிலாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். செயலாளர் வீட்டுப் பையன் இருமுவது உங்கள் பேச்சால்தான், நீங்கள் இருமுவது என் துணியால்தான் என்று எப்படிச் சொல்வது?

அவள் எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தலைக்குமேல் கையை உயர்த்தி அரக்குப் பட்டின் முடிச்சைத் தேடினாள்.

"ஐயோ மேடம், அவிழ்க்காதீங்க."

"கிட்ட வாங்கண்ணே," என்றாள் சுகிர்தா. "காது வச்சுக் கேளுங்க. இத்தனை துணியில அவளுக்கு மூச்சு முட்டுது."

மாசிலாமணி தயங்கினார். பிறகு தன் துணியைப் பையில் வைத்துவிட்டு வந்து, பெட்டியில் காதை ஒட்ட வைத்துக் கேட்டார்.